கேம் பூட்டும்போது எந்த ஸ்ட்ரோக்?

கேள்வி: எக்ஸ்பல்ஸ் 200 பைக்கின் என்ஜினைப் பிரித்து பிஸ்டன் ரிங் மாற்றினேன். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பூட்டும்போது, கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில், அதாவது பிஸ்டன் கலவையை அழுத்தும் கட்டத்தில், இருக்கிறதா என்று எப்படி அறிவது?
– வாசகர், தேனி

பதில்: அந்தக் கவலையே வேண்டாம். கேம் கழன்றிருக்கும்போது கிராங்குக்கு ஸ்ட்ரோக் பேதம் கிடையாது. கிராங்க் 2 சுற்று சுற்றினால்தான் கேம் 1 சுற்று; அதனால் எது கம்ப்ரஷன் என்பதைக் கேமைப் பூட்டும் நிலைதான் முடிவுசெய்கிறது. கிராங்க் முனையிலுள்ள மேக்னட்டின் ‘டி’ குறியை (பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டுவது) என்ஜின் கேஸிலுள்ள குறிக்கு நேராக வையுங்கள். கேம் மேடுகள் வால்வை அழுத்தாத நிலையில், கேம் பற்சக்கரக் கோடுகள் சிலிண்டர் ஹெட்டின் விளிம்புக்கு இணையாக இருக்கும்படி பூட்டுங்கள். டென்ஷனர் (கேம் செயினை இறுக்கும் பாகம்) இல்லாத பக்கத்துச் செயின் விறைப்பாக இருக்கட்டும். அங்கே தொய்வு இருந்தால் ஒரு பல் தள்ளிப்போய்விடும். டென்ஷனரை மாட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கிராங்கைக் கையாலேயே 2 சுற்று சுற்றிக் குறிகளைப் பாருங்கள். எங்காவது முட்டினால் உடனே நிறுத்துங்கள். அவசரக்காரர்கள் செல்ஃப் ஸ்டார்ட்டை அழுத்தித்தான் வால்வை வளைக்கிறார்கள். டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் இடையே உள்ளது) என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே அளந்துவிடுங்கள்.