தருமபுரியில் பகல் நீளும் வேகம்

ஐயா,

வணக்கம். காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். மகள் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. ரிவிஷன் டெஸ்டில் வகையிடல் பாடத்தில் மார்க் போய்விட்டது. சைன் 3எக்ஸ் என்று கொடுத்தால் கொசைன் 3எக்ஸ் என்று எழுதி நிறுத்திவிடுகிறாள். முன்னால் வரவேண்டிய 3 விட்டுப்போகிறது. சைன் ஸ்கொயர் எக்ஸ், சைன் எக்ஸ் ஸ்கொயர் இரண்டும் குழம்புகிறது. "அந்த 3 எதுக்கும்மா?" என்று கேட்டாள். நானும் பி.எஸ்சி. கணிதம்தான், சொல்லத் தெரியவில்லை. "சங்கிலி விதி அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டேன். விடுதிப் பள்ளியில் சேர்த்தால் சரியாகுமா? இதெல்லாம் பாஸ்கராச்சாரியார் எப்போதோ கண்டுபிடித்தது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

மாசி பிறந்ததிலிருந்து சாயங்கால வெளிச்சம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனித்துக்கொண்டிருக்கிறேன். வேறு வேலை இல்லையா என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் திட்டிவிடுகிறேன். "எதுக்கும்மா" என்று ஒரு பெண் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம்! வகுப்பில் நாற்பது பிள்ளைகள் கேட்காமல் எழுதி மார்க் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இவள் கேட்டிருக்கிறாள். அவளிடம் போய் மனப்பாடம் பண்ணிக்கோ என்றிருக்கிறீர்கள், அதுவும் கணிதம் படித்த நீங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாமே, அவள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள்.

பென்னாகரம் பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் பஞ்சாங்கம் ஆணியில் தொங்கும். அவருக்குக் கண் மங்கிய பிறகு தினம் காலையில் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். திதி, நட்சத்திரம் முடிந்ததும் அகஸ் கேட்பார். அன்றைய பகல் எத்தனை நாழிகை, எத்தனை விநாடி என்ற கணக்கு. பங்குனியில் அந்த எண் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். ஆனி பிறந்தால் போட்ட இடத்திலேயே நிற்கும். அச்சுப்பிழையா என்று கேட்டேன். "உச்சிக்குப் போனது திரும்பறப்ப நிதானமாத்தான்டா திரும்பும்" என்றார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. சைனின் வகைக்கெழு, அதாவது அது மாறும் வேகம், கொசைன்; சைன் உச்சத்தில் இருக்கும்போது கொசைன் பூஜ்யம் என்று பிற்பாடு படித்தபோது, இது நம்ம அகஸ்தானே என்று தோன்றியது.

இப்போது உங்கள் 3-க்கு வருவோம். தருமபுரி வடக்கே 12 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. காற்று மண்டலத்தில் ஒளி வளைவதை விட்டுவிட்டால், இங்கே மிக நீண்ட பகல் 12 மணி நேரத்தைவிட ஏறத்தாழ 43 நிமிடம் கூடுதல், மிகக் குறுகியது அதே அளவு குறைவு. மார்ச் 21-இலிருந்து நாட்களை எண்ணினால், பகல் 12 மணியைத் தாண்டும் நிமிடங்களை இப்படி எழுதலாம்: நாள் எண்ணை 2பை-யால் பெருக்கி 365-ஆல் வகுத்தால் ஒரு கோணம் (டிகிரியில் இல்லை, ரேடியனில்; முழு வட்டம் 2பை ரேடியன்). அந்தக் கோணத்தின் சைனை 43-ஆல் பெருக்க வேண்டும்.

மார்ச் 21 அன்று பகல் என்ன வேகத்தில் நீள்கிறது? உங்கள் மகள் முறைப்படி சைனைக் கொசைனாக்கி நிறுத்தினால், அன்று கொசைன் 1, ஆக விடை நாளுக்கு 43 நிமிடம். அந்த வேகத்தில் போனால் ஏப்ரல் 7-ஆம் தேதி தருமபுரியில் இரவே இருக்காது. மாம்பழம் வேண்டுமானால் சீக்கிரம் பழுக்கும்.

சைனுக்கு நாள் கணக்கு தெரியாது. அதற்குத் தெரிந்தது கோணம் மட்டும். ஒரு நாள் கழிந்தால் கோணம் நகர்வது 2பை-யை 365-ஆல் வகுத்த அளவு, அதாவது ஒரு ரேடியனில் ஏறத்தாழ 58-இல் ஒரு பங்கு. அதனால் பெருக்கித்தான் ஆக வேண்டும். பெருக்கினால் 43 நிமிடம் 44 நொடியாகச் சுருங்குகிறது. பஞ்சாங்க விநாடி 24 நொடி, ஆகவே இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. தாத்தாவுக்கு நான் படித்துச் சொன்ன ஏற்றம் இதுதான்.

சைன் 3எக்ஸிலும் இதே கதை. எக்ஸ் கொஞ்சம் நகர்ந்தால் உள்ளே கோணம் மூன்று மடங்கு நகர்கிறது. அவள் விட்ட 3 அந்த வேகம். உள்ளே இருப்பதன் வேகத்தால் பெருக்குவதுதான் சங்கிலி விதி. அதை விட்டால் விடை ஏதோ கொஞ்சம் பிசகுகிறது என்று நினைக்காதீர்கள், ஊரின் பகலே 58 மடங்கு வேகமாகிவிடுகிறது. இதை அவளுக்கு வாயால் சொல்லாதீர்கள். பஞ்சாங்கத்தையும் பேனாவையும் கையில் கொடுத்துப் போட விடுங்கள்.

சைன் ஸ்கொயர் குழப்பத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். சைன் தலையிலேயே 2 போடும் அந்தக் குறியீடு ஜெர்மன் கணித மேதை காஸுக்கே பிடிக்காது. சைன் எக்ஸ் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போட்டு வர்க்கத்தை வெளியே எழுதச் சொல்லுங்கள், போதும்.

பாஸ்கரர் 1150-இல் சித்தாந்த சிரோமணியில் கிரகத்தின் அன்றன்றைய வேகத்தைக் கணக்கிடும்போது, கொசைனை அந்தக் கோணம் நகரும் வேகத்தால் பெருக்குகிறார். உங்கள் மகள் விட்டதை அவர் விடவில்லை. ஆனால் எந்தச் சார்புக்கும் பொருந்தும் விதியாக அவர் எழுதிவைக்கவில்லை. அந்த உத்தி 1676-இல் ஜெர்மன் கணித மேதை லைப்னிட்ஸின் கைப்பிரதியில் வருகிறது, அதுவும் பிளஸ் மைனஸ் தவறோடு! இதை மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். பாதி உண்மையை வைத்துக்கொண்டு மார்தட்டும் அந்த பார்வர்டை அழித்துவிடுங்கள்.

விடுதிப் பள்ளியா? பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே உருட்டிய பள்ளிகளால்தான் 2017-18-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. சங்கிலி விதி இருப்பது பதினொன்றில். அதே வகுப்பில் பின்னால் வரும் பிரதியிட்டுத் தொகையிடுவதும் இதே விதியைத் திருப்பிப் போடுவதுதான். இருக்கிற பள்ளியிலேயே இருக்கட்டும்.

அவளுக்கு ஒரு கணக்கு: சைன் எக்ஸ் டிகிரியை எக்ஸைப் பொறுத்து வகையிட வேண்டும். டிகிரி, ரேடியன் இல்லை. கொசைன் எக்ஸ் டிகிரி என்று எழுதினால் தப்பு, முன்னால் ஓர் எண் வரும். போட்டு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். வெறும் விடை வேண்டாம், படிகளோடு வேண்டும்.