ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்

காரைக்குடி வட்டாரப் பள்ளிகளில் கண் பரிசோதனை செய்யும் கண் மருத்துவ உதவியாளர், பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்குச் சொன்ன பதில்கள்.

என் மகளுக்கு 6 வயது. டிவி நன்றாகத்தான் பார்க்கிறாள். பள்ளியில் சோதித்தவர்கள் இடது கண்ணில் பார்வை குறைவு என்கிறார்கள். நம்ப முடியவில்லை சார். (தாய், புதுவயல்)

நம்புங்கள் அம்மா. ஒரு கண் நன்றாக இருந்தால் பிள்ளை அதை வைத்தே சமாளித்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் தெரிகிறது என்பதால், குறை இருப்பது அதற்கே தெரியாது. மங்கலாகத் தெரியும் கண்ணை மூளை மெல்ல ஒதுக்கிவிடும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறோம்.

வீட்டிலேயே பாருங்கள். வலது கண்ணை உங்கள் உள்ளங்கையால் மூடி, எதிரே இருக்கும் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். அவளையே மூடச் சொன்னால் விரலிடுக்கில் பார்த்துவிடுவாள். தலையைச் சாய்த்தாலோ, உங்கள் கையைத் தட்டிவிட்டாலோ புரிந்துகொள்ளலாம். சரியாகப் படித்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டுவதை விட்டுவிடாதீர்கள்.

கண்ணாடி போட்டு, தேவைப்பட்டால் நல்ல கண்ணைத் தினமும் டாக்டர் சொல்லும் நேரம் ஒட்டுப் போட்டு மூடினால், அடுத்த கண் வேலைக்குப் பழகும். ஏழெட்டு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். பரீட்சை லீவு வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

போர்டைப் பார்க்காமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தே எழுதுகிறான். சேட்டையா, கண் கோளாறா? (ஆசிரியை, கல்லல்)

முதலில் கண்ணைச் சந்தேகப்படுங்கள் டீச்சர். பார்வை அட்டையை 6 மீட்டர் தள்ளி மாட்டி, ஒவ்வொரு கண்ணாகச் சோதியுங்கள். அட்டையில் 6/9 என்று குறித்திருக்கும் வரிசையைப் படிக்கத் தடுமாறினால் அனுப்பிவையுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி இலவசம்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகுமாமே? பேத்தி பெண்பிள்ளை வேறு. (தாத்தா, பள்ளத்தூர்)

கண்ணாடியால் பவர் ஏறாது ஐயா. வளரும் வயதில் கண்விழி நீள்வதால் ஏறுகிறது, கண்ணாடி போடாவிட்டாலும் ஏறும். பேரன் என்றால் யோசிப்பீர்களா? போர்டு தெரியாமல் அவள் எப்படிப் படிப்பாள்? அப்புறம், தினமும் வெளிச்சத்தில் வெளியே விளையாட விடுங்கள். கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போட அது உதவும்.

பொழுது சாய்ந்தால் மகன் தடுமாறுகிறான். (தந்தை, தேவகோட்டை)

மாலைக்கண்ணாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வைட்டமின் ஏ குறைவு என்றால் மருந்திலேயே சரியாகும். முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை கொடுங்கள். 5 வயது வரை 6 மாதத்துக்கு ஒருமுறை தரும் வைட்டமின் ஏ திரவத்தைத் தம்பி தங்கைக்குத் தவறவிடாதீர்கள்.

கண் அரிப்புக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து போடலாமா? (தாய், கானாடுகாத்தான்)

வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு சட்டென்று அடங்கும். மாதக்கணக்கில் போட்டால் கண் நீரழுத்தமும் புரையும் வரலாம். தாய்ப்பால், பூச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய கண்மேல் வைத்து, டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.