சேவலும் இரும்புக்கடைத் தராசும்

கேள்வி: என் மகன் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. போன ஞாயிறு பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கைவினைச் சந்தைக்குப் போனவன், 900 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒரு ‘சேவல்’ வாங்கி வந்து ஹாலில் வைத்திருக்கிறான். உடம்பு பழைய தையல் மிஷின் தலை, கொண்டை சைக்கிள் பல்சக்கரத்தில் பாதி, வால் ஆறு சாப்பாட்டுக் கரண்டி, கால் இரண்டும் ஸ்பேனர். கேட்டால் “நவீன சிற்பம்ப்பா” என்கிறான். இரும்புக்கடையில் போட்டால் பத்து வெள்ளி தேறுமா? முப்பது வருஷம் தொழிற்சாலையில் இரும்போடு புழங்கியவன் நான். இது கலையா, பகல் கொள்ளையா? ஒளிக்காமல் எழுதுங்கள்.
— ஒரு வாசகர், பிறை

பதில்: கொள்ளை இல்லை ஐயா. கலையா என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கடிதம்.

கரண்டி ஆறு என்று எண்ணியிருக்கிறீர்கள். பல்சக்கரம் முழுசு இல்லை, பாதி என்று கவனித்திருக்கிறீர்கள். எது கொண்டை, எது வால் என்று மகன் சொல்லித்தான் தெரிந்தது என்று எழுதவில்லை. “சேவல் மாதிரியே இல்லை” என்ற ஒரு வரியைக் கடிதம் முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை. திட்டுவதற்காகப் பார்த்தீர்களோ என்னவோ, சந்தையில் ‘அழகா இருக்கு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தவர்களைவிட நீங்கள்தான் அதை அதிக நேரம் பார்த்திருக்கிறீர்கள்.

இரும்போடு புழங்கியவர் என்பதால் உங்கள் பாஷையிலேயே கேட்கிறேன். தையல் மிஷின் தலை வார்ப்பிரும்பு. ஸ்பேனர் அடித்துச் செய்த உருக்கு, மேலே முலாம். கரண்டி எவர்சில்வர். மூன்றும் மூன்று குணம். வார்ப்பிரும்பில் கரி அதிகம். ஓரிடத்தில் மட்டும் சூடு ஏறி, சட்டென்று இறங்கினால் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் விட்டுவிடும். அதை முன்னதாகவே சூடேற்றி, நிக்கல் கம்பி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றவைத்து, மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். எவர்சில்வருக்கு வேறு கம்பி. ஸ்பேனரின் முலாமை முதலில் கிரைண்டரில் தேய்த்து எடுக்காவிட்டால் வருகிற புகை நெஞ்சுக்கு ஆகாது. இத்தனையும் முடிந்த பிறகு, பத்துக் கிலோவுக்குக் குறையாத அந்தத் தலை இரண்டே இரண்டு ஸ்பேனரின் மேல் குப்புற விழாமல் நிற்க வேண்டும். நிற்கிறது அல்லவா? முப்பது வருஷத்தில் உங்கள் ஃபோர்மன் இப்படி ஒரு வேலையைக் கொடுத்திருந்தால் “இதெல்லாம் ஒட்டாது பாஸ்” என்று திருப்பி அனுப்பியிருப்பீர்கள்.

விலைக்கு வருவோம். மலேசியாவில் இப்போது குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 வேலை நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். உங்கள் 900 வெள்ளி, புதிதாகச் சேர்ந்த கடைப் பையனுக்குப் பதினாலு வேலை நாள் கூலிகூட வராது. அதிலும் கம்பி, மின்சாரம், சந்தையில் மேசை வாடகை, பழைய மிஷினைத் தேடிப் பிடித்த பெட்ரோல் எல்லாம் போக வேண்டும். அதைச் செய்ய எத்தனை நாள் ஆனது என்று மகனை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கேட்ட பிறகும் கொள்ளை என்று தோன்றினால், யார் யாரைக் கொள்ளையடித்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். போடுகிறேன்.

தராசில் வைத்துப் பார்ப்பது உங்கள் ஒருவர் பழக்கம் இல்லை, நம் எல்லாருக்கும் உண்டு. சுவாமிமலையில் ஸ்தபதி தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தை முழுதாக வார்த்து, விரல் நகம் வரை செதுக்கி, மேலே வண்டல் மண் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி ஊற்றிவிட்டு அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். பிறகு அச்சை உடைக்கிறார். உடைத்த அச்சில் இன்னொன்று வராது. அதனால் அப்படி ஒரு நடராஜர் உலகத்திலேயே ஒன்றுதான். அதை நாம் கடையில் பார்த்ததும் முதலில் கேட்பது, “கிலோ என்ன விலை?”

ஆனால் தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் நீங்கள் அப்படிக் கேட்பதில்லை. அங்கே ஏறுகிற பெரிய காவடிகள் பலவற்றின் உள்ளே இருப்பது அலுமினியச் சட்டமும் பாலிஸ்டைரீன் தக்கையும்தான். மீன்கடை ஐஸ் பெட்டிக்கு ஆகிற அதே வெள்ளைத் தக்கை. கத்தியால் அதில் ஆறு முகத்தையும் தோகையையும் வெட்டி எடுத்து, தங்க வர்ணம் அடித்து, மயில்பீலி செருகித் தோளில் தூக்கி வருகிறார்கள். யாராவது ‘தக்கை என்ன விலை’ என்கிறோமா? (செய்தவரிடம் கூலியைக் குறைக்கச் சொல்வது உண்டு. அது வேறு வியாதி.) பத்துமலையில் 2006-இல் எழுந்த 140 அடி முருகனைத் தட்டிப் பார்த்தாலும் கான்கிரீட்டும் கம்பியும்தான். இன்னும் கேட்டால், மாமரமாக நின்ற சூரனைப் பிளந்ததில் ஒரு பாதி மயிலானது, மறுபாதி சேவலானது. அந்தச் சேவலைக் கொடியில் ஏற்றிக் கும்பிடுகிற நீங்கள், தையல் மிஷின் சேவலானால் மட்டும் ரசீது கேட்கிறீர்கள்.

சரி, கலையா? பழைய சாமானைச் சேர்த்து உருவம் செய்வது உங்கள் மகன் கண்டுபிடித்த கூத்து இல்லை. பிக்காஸோ 1942-இல் சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத் தலை ஆக்கினார். நம் ஜார்ஜ்டவுன் லெபோ ஆர்மேனியன் தெருச் சுவரில் ஓவியர் எர்னஸ்ட் ஸக்கரேவிச் 2012-இல் இரண்டு பிள்ளைகளை வரைந்து, அவர்களுக்கு ஓட்ட நிஜ சைக்கிள் ஒன்றையே பொருத்தினார். ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்தால் அதன் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுக்காத பினாங்குத் தமிழர் உண்டா?

கோபப்படுகிறவர்களிலும் உங்களுக்கு முன்னோடி இருக்கிறார். 1974-இல் ரெட்சா பியாதாசா, சுலைமான் ஈசா என்ற இரண்டு மலேசியக் கலைஞர்கள் கோலாலம்பூரில் டேவான் பஹாசா என்ற மலாய் மொழி நிறுவனத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பறவையைத் திறந்துவிட்ட வெறும் கூண்டு, பாதி குடித்த இரண்டு கோகோ கோலா போத்தல், எரிந்து தீர்ந்த கொசுவர்த்தி, இப்படி. கூடவே நீண்ட ஓர் அறிக்கை. திறப்பன்று கவிஞர் சாலே பென் ஜோனட் அந்த அறிக்கையின் மேலேயே சிறுநீர் கழித்துவிட்டார். அதற்குப் பக்கத்தில் உங்கள் கடிதம் எவ்வளவோ நாகரிகம். பொருளைப் பார்க்காதே, அது கடந்து வந்த நேரத்தைப் பார் என்பது அந்த இருவரின் வாதம். எனக்கு அந்தக் கூண்டைவிட உங்கள் வீட்டுச் சேவல்தான் பிடிக்கும், அதில் ஒருவர் கை சுட்டிருக்கும். ஆனாலும் அந்த வாதத்தை அதற்கும் வைத்துப் பார்க்கலாம். அந்த மிஷினில் எந்த வீட்டு அம்மா எத்தனை பள்ளிச் சட்டை தைத்தாரோ.

அதற்காக இரும்பை ஒட்டியதெல்லாம் கலை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நட்டையும் போல்ட்டையும் ஒட்டி, ஒரே நாயை நாற்பது தடவை செய்து வரிசையாக அடுக்கி விற்கிற மேசையும் அதே மாதிரிச் சந்தைகளில் உண்டு. அது பொம்மை வியாபாரம், தப்பில்லை, ஆனால் அதற்கு 900 கேட்டால் நானும் உங்கள் கட்சி. வித்தியாசம் பார்க்க நான் செய்வது இதுதான். முன்னால் பார்த்த பிறகு பின்னால் போய்ப் பார்ப்பேன், செய்தவர் ஏமாற்றுவதென்றால் அங்கேதான் ஏமாற்றுவார். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பேன். பல்சக்கரம் கொண்டையாகத் தெரிய வேண்டும், பல்சக்கரமாகவும் தெரிய வேண்டும். ஒன்று மறைந்து மற்றது மட்டும் தெரிந்தால் வேலை பாதியில் நின்றுவிட்டது என்று அர்த்தம். கரண்டி வாலில் ஒன்றை விரலால் மறைத்துப் பாருங்கள். ஐந்தே போதும் என்று பட்டால் எனக்கு எழுதுங்கள். ஆறும் வேண்டும் என்று பட்டால் மகனிடம் சொல்லுங்கள், எனக்கு வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் மகனுக்கு உங்கள் அனுபவம் தேவைப்படும். பிறையிலும் கடற்காற்றுதான். சேவலை வாசலில் வைக்க விடாதீர்கள், பற்றவைத்த இடங்களில்தான் முதலில் துரு பிடிக்கும். மாதம் ஒரு தடவை துணியில் இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டுத் துடைத்தால் போதும். அந்த உடம்புக்குப் பழகிய எண்ணெய்.