விளக்கின் முன் அலையும் மனம்

கேள்வி: காலையில் விளக்கேற்றிவிட்டுக் கைப்பேசியில் திருவாசகம் படிக்கிறேன். நான்கு வரி போவதற்குள் பள்ளிக் கட்டணம், அலுவலக வேலை, யாரோ சொன்ன சுடுசொல் என்று மனம் எங்கெங்கோ போய்விடுகிறது. ஒரு மண்டலம், 48 நாள், தவறாமல் படிப்பதாக வேண்டிக்கொண்டேன். இடையில் ஒருநாள் கோபத்தில் கணவரிடம் கடுமையாகப் பேசிவிட்டு, அத்தோடு நிறுத்திவிட்டேன். இத்தனை பலவீனத்தோடு இறைவன் திருமுன் உட்காருவது போலித்தனம் ஆகாதா? விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: ஆகாது, சகோதரி. நீங்கள் படிக்கும் திருவாசகத்திலேயே நீத்தல் விண்ணப்பம் என்ற பகுதியை எடுத்துப் பாருங்கள். உத்தரகோசமங்கையில் அருளப்பட்டதாக வழங்கும் அந்த 50 பாடல்களிலும் மணிவாசகர் மன்றாடுவது, தம்மைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே. இப்படி மன்றாடுபவர், பாண்டியனின் அமைச்சர் பதவியைத் துறந்தவர்; திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவாக எழுந்தருளிய இறைவனால் ஏற்கெனவே ஆட்கொள்ளப்பட்டவர். கடையவனாகிய தம்மைக் கருணையினால் கலந்து ஆண்டுகொண்டதை முதல் பாடலின் முதல் அடியிலேயே நினைவுகூர்ந்துவிட்டுத்தான் அவர் விண்ணப்பத்தைத் தொடங்குகிறார். அப்பேர்ப்பட்டவரையும் ஐம்புலன்கள் விடவில்லை. எறும்புகளுக்கு நடுவே அகப்பட்ட நாங்கூழ்ப் புழுவைப் போலப் புலன்களால் அரிக்கப்பட்டுத் துன்புறுவதாக அவர் கூசாமல் சொல்கிறார். அந்தப் புழுவைப் புலி வந்து கடித்துக் குதறவில்லை. கண்ணுக்கு அற்பமாகத் தெரியும் எறும்புகள்தாம் ஒவ்வொரு கடியாக அதைத் தின்று தீர்க்கின்றன. உங்கள் கட்டணக் கவலையும் சுடுசொல்லும் அந்த இனத்தைச் சேர்ந்தவையே.

தம் பலவீனத்தை மறைத்துவிட்டு அவர் வழிபட உட்காரவில்லை. அதையே விண்ணப்பமாக எடுத்து வைத்தார். நீங்களும் மனம் கட்டணத்துக்குப் போனால் அதற்காக உங்களையே கடிந்துகொள்ளாமல், அந்தக் கவலையையும் அவனிடம் சொல்லிவிட்டு, விட்ட வரிக்குத் திரும்புங்கள். ஒரு பாடலுக்குள் பத்து முறை திரும்ப நேர்ந்தாலும் அதுவும் வழிபாடுதான்.

கைப்பேசியை மட்டும் அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். பாடல் ஓடும் அதே திரையின் மேல்விளிம்பிலிருந்து குடும்பக் குழுவின் காலை வணக்கம் இறங்கி வரும்போது, முனிவருக்கும் கண் அங்கேதான் போகும். பெரிய எழுத்தில் அச்சிட்ட புத்தகம் எந்தக் கோயில் வாசல் கடையிலும் கிடைக்கும்.

மண்டலத்தைத் தாராளமாகத் தொடருங்கள். ஆனால் கணவரிடம் சமாதானம் ஆகாமல் பாராயணத்தை மட்டும் தொடர்வதற்கு நான் உடன்படமாட்டேன். முதலில் அவரிடம் பேசுங்கள். நாள்தோறும் முழுப் பதிகம் என்று வைத்துக்கொள்ளாமல், அலுவலகம் போகும் அவசரத்திலும் பொருள் உணர்ந்து படிக்க முடிந்த ஒரே ஒரு பாடலை வைத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கை விட்ட இடத்திலிருந்தே எண்ணலாம். கோயிலில் முறைப்படி சங்கற்பம் செய்துகொண்ட வேண்டுதலாக இருந்தால் மட்டும், அங்குள்ள குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.