செத்து மிதக்கவில்லை, ஆனால் குஞ்சைக் காணோம்

கேள்வி: குளத்தில் இரண்டாயிரம் கொடுவா மீன் குஞ்சுகள் விட்டு இருபது நாள் ஆகிறது. ஒன்றுகூடச் செத்து மிதக்கவில்லை. வலை இழுத்தால் பாதிகூடத் தேறவில்லை. மழையில் உப்பு குறைந்ததால் இருக்குமா? குஞ்சு கொடுத்தவர் புரோபயாடிக் (நன்மை செய்யும் பாக்டீரியாக் கலவை) ஊற்றச் சொல்கிறார். எது நல்லது?

பதில்: எதுவும் ஊற்ற வேண்டாம். உப்பையும் விட்டுவிடுங்கள். ஆற்று நன்னீரில் வளர்ந்து, முட்டையிட முகத்துவாரத்துக்கு இறங்கும் மீன் இது. உப்பு படிப்படியாக மாறினால் தாங்கிக்கொள்ளும். பறவையோ பாம்போ கொஞ்சம் தின்றிருக்கலாம். மற்றதெல்லாம் கூடவே விட்ட குஞ்சுகளின் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

விடும்போது எல்லாம் ஒரே அளவில் இருந்ததா என்பதுதான் கேள்வி. அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கொடுவாக் குஞ்சு தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளதைக்கூட விழுங்கிவிடும். 6 செ.மீ. குஞ்சுக்கு 4 செ.மீ. குஞ்சு இரைதான். தின்றது மளமளவென்று வளரும், அப்புறம் இன்னும் பெரியதைத் தின்னும். கரையோரம் உற்றுப் பாருங்கள்: வயிறு புடைத்து, வாய்க்கு வெளியே இன்னொன்றின் வால் நீட்டிக்கொண்டு ஏதாவது ஒன்று தென்படும்.

நாளைக் காலை, இரை போடாமல், வெயில் ஏறுமுன் இருப்பதைப் பிடியுங்கள். குளத்திலேயே ஹாப்பா (வலைக்கூண்டு) கட்டி மூன்று அளவாகப் பிரித்துப் போடுங்கள். 10 செ.மீ. தாண்டும்வரை நாலைந்து நாளுக்கு ஒருமுறை இதே வேலை. பத்து நாளுக்கு ஒருமுறை போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் குளத்தில் கடைசியில் எத்தனை மிஞ்சியது என்று கேளுங்கள். கொடுவாவுக்கு நர்சரி (குஞ்சு வளர்ப்பு) என்றாலே பிரிப்பதுதான். தீவனம்கூட அடுத்தபடிதான்.

பல அளவுக் குஞ்சைக் கலந்து கொடுத்துவிட்டு, குறைந்ததும் பாட்டிலை நீட்டுபவரிடம் இனி போகாதீர்கள். முகத்துவாரத்தில் வாரிய குஞ்சும் வேண்டாம், பல வயது கலந்திருக்கும். பொரிப்பகத்தில், கண்ணெதிரே சலித்து எண்ணித் தரச் சொல்லி வாங்குங்கள்.

தீவனம் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இது வேர், கல் மறைவில் அசையாமல் காத்திருந்து, எதிரில் நகர்வதைச் சட்டென்று உறிஞ்சும் மீன். அடியில் கிடப்பதைச் சீண்டாது. மெதுவாக மூழ்கும் குருணையை விடியலிலும் அந்தியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் பெரியது முந்திக்கொள்ளும், சின்னது பட்டினி கிடக்கும், அளவு வித்தியாசம் இன்னும் கூடும்.

குறைந்ததை ஈடுகட்டப் புதுக்குஞ்சு வாங்கி அதே குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள். இருப்பவை இரண்டே நாளில் தின்று தீர்த்துவிடும்.