ஞாயிறு வாசகமும் திங்கட்கிழமை வேலையும் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை பூசையில் பைபிளிலிருந்து மூன்று வாசகம் வாசிக்கிறார்கள். கோவில் வாசலைத் தாண்டியதும் ஒன்றும் நினைவில் நிற்பதில்லை. நாள் முழுக்கப் பீடி சுற்றுகிற எனக்கு அதில் என்ன இருக்கிறது அக்கா?
– ஒரு வாசகி, ஆலங்குளம்

பதில்: தங்கச்சி, மூன்றையும் சுமக்க வேண்டாம். ஒன்று போதும், அதையும் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் திண்ணையில் நாலு பேர் சேர்ந்து சுற்றும்போது, பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளையை நற்செய்தியை மட்டும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கை அது பாட்டுக்கு வேலை செய்யும், காது சும்மாதானே இருக்கிறது. மறுநாள் கோவிலில் கேட்கும்போது தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருக்கும்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் கதை வருகிறதே, மத்தேயு நற்செய்தியை வாசிக்கிற ஆண்டில், பண்டிகைக் காலம் அல்லாத பொதுக்காலத்தின் 25ஆம் ஞாயிற்றின் நற்செய்தி அது. விடியற்காலையில் வந்தவனுக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி, ஆளுக்கு ஒரு தெனாரியம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற உங்களுக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். வரட்டும். சாமியார் பிரசங்கத்தில் சமாதானம் சொல்லிவிட்டார் என்று அதை அணைத்துவிடாதீர்கள். அந்தக் கோபத்தோடேயே திங்கட்கிழமை வேலைக்கு உட்காருங்கள். பக்கத்தில் கண் மங்கிப்போய், உங்களில் பாதிகூடச் சுற்ற முடியாத ஒரு பாட்டி இருப்பார். தெனாரியம் என்பது அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம், ஒரு குடும்பம் அன்றைக்குச் சாப்பிடுகிற காசு. எண்ணிக்கை பாதியானால் அந்தப் பாட்டிக்குப் பசியும் பாதியாகிவிடுமா? ஐந்து மணி வரைக்கும் சந்தைவெளியில் நின்றவர்கள் சோம்பேறிகள் இல்லை. எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்றுதான் சொல்கிறார்கள். இந்தக் கதை தோட்டம் வைத்திருக்கிறவர்களைவிட எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்களுக்குத்தான் நன்றாகப் புரியும் என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: எந்த ஆண்டு எந்த நற்செய்தி என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: கிறிஸ்துமசுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றில் திருச்சபையின் ஆண்டு தொடங்கும். மத்தேயு, மாற்கு, லூக்கா என்று மூன்றாண்டுச் சுற்று. 1969இல் வந்த ஒழுங்கு இது. யோவானுக்குத் தனி ஆண்டு கிடையாது, தவக்காலத்திலும் பாஸ்கா (ஈஸ்டர்) காலத்திலும்தான் அதிகம் வருவார். 2025 நவம்பர் 30இல் மத்தேயு ஆண்டு தொடங்கியது. மற்றதை உங்கள் ஊர் உபதேசியாரிடம் கேளுங்கள், நாட்காட்டியைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

கேள்வி: 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பூசையில் ‘எப்பொழுதும் மகிழ்ச்சியாக இருங்கள்’ என்று வாசித்தார்கள். அந்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்து என் கடைச் சரக்கு மொத்தமும் போய்விட்டது. அந்த வசனத்தை இன்றுவரை என்னால் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.
– ஒரு வாசகர், ஏரல்

பதில்: அண்ணாச்சி, அன்றைக்குப் பாளையங்கோட்டையில் எங்கள் கோவிலில் அந்த வாசகத்தை வாசித்தவள் நான். மறுநாள் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். அதனால் உங்களுக்குச் சட்டென்று ஆறுதல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வாசகம் திருத்தூதர் பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகம் (கடிதம்), 5ஆம் அதிகாரம், 16ஆம் வசனத்தில் தொடங்குகிறது. பவுல் யாருக்கு எழுதினார்? சொந்த ஊர்க்காரர்களிடமே துன்பப்பட்டவர்களுக்கு, இறந்துபோன சொந்தங்களை நினைத்துக் கலங்கி நின்றவர்களுக்கு. பூசையில் வாசிக்காத 14ஆம் வசனத்தையும் எடுத்துப் பாருங்கள். மனம் தளர்ந்தவர்களுக்கு ஊக்கம் கொடுங்கள், வலுவில்லாதவர்களுக்கு உதவுங்கள் என்கிறார். மகிழ்ச்சியைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான் வருகிறது. அந்த வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்குப் புதுக்குடி ஊர்க்காரர்கள் சமைத்துப் போட்டார்களே, எனக்கு அந்த 14ஆம் வசனத்தைப் புரியவைத்தவர்கள் அவர்கள்தான்.

அதே வாசகம் 2026 டிசம்பர் 13 அன்று மறுபடி வருகிறது. அன்று பூசைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள் அண்ணாச்சி. முதல் வாசகம் எசாயா 61. உள்ளம் உடைந்தவர்களைக் குணப்படுத்த அனுப்பப்பட்டேன் என்று அதில் வருகிறது. அதைக் கேளுங்கள். இரண்டாம் வாசகத்துக்கு மனசு வராவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருங்கள், ஒன்றும் தப்பில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள்: வெள்ளத்தன்று உங்களை மாடியில் ஏற்றியது யார், சோறு கொடுத்தது யார், அப்புறம் கடையில் சேறு அள்ள வந்தது யார் என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.