எஸ்கியூஎல் (டேட்டாபேஸுடன் பேசும் மொழி) பிடிக்கும் என்றால் டிபிஏ (டேட்டாபேஸைப் பராமரிப்பவர்) ஆகலாமா, டெவலப்பராகவே போகலாமா?

முதல் வேலை டெவலப்பராகவே இருக்கட்டும். லைவ் டேட்டாபேஸின் சாவியை அனுபவமில்லாதவரிடம் யாரும் லேசில் கொடுப்பதில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து டிபிஏ பக்கம் நகர்வது சுலபம்.

கோடில் தவறு வந்தால் பழைய பதிப்பைப் போட்டுவிடலாம். எந்த வரிகள் என்று சொல்லும் 'வேர்' (WHERE) இல்லாமல் ஓடி, கமிட்டும் ஆகிவிட்ட (நிரந்தரமாகப் பதிவாகிவிட்ட) 'டெலீட்'டுக்கு அந்த வழி கிடையாது. இன்னொரு உதாரணம்: போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் வெறும் 'கிரியேட் இண்டெக்ஸ்' (தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸை உருவாக்கும் கட்டளை) கொடுத்தால், முடியும்வரை அந்த டேபிளை வாசிக்கலாம், எழுத முடியாது. பெரிய டேபிளில் பட்டப்பகலில் இதைச் செய்தால் ஆர்டர்கள் எல்லாம் வரிசையில் நிற்கும். கட்டளையில் 'கன்கரண்ட்லி' என்ற சொல்லைச் சேர்த்தால் எழுதுவது தடைபடாது, ஆனால் நேரம் கூடும். நடுவில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும். அதை 'டிராப்' செய்துவிட்டு (நீக்கிவிட்டு) மறுபடி ஆரம்பிப்பதுதான் வழக்கம். டிபிஏவின் சம்பளமே இந்த மாதிரி விவரங்களுக்குத்தான். (ராத்திரி 2 மணி போனுக்கும் சேர்த்து.)

அமேசானின் ஆர்டிஎஸ் போன்ற கிளவுட் டேட்டாபேஸ் சேவைகள் தினசரி பேக்கப்பையும் பேட்ச் போடுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. அதை மட்டும் தெரிந்தவருக்குச் சிரமம்தான். குவெரி டியூனிங் (கேள்விகளை வேகமாக்குவது), ரெப்ளிகேஷன் (டேட்டாவை வேறு சர்வரில் தொடர்ந்து நகலெடுப்பது), மைக்ரேஷன் (டேட்டாவை வேறிடத்துக்கு மாற்றுவது) தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது.

சோதித்துப் பார்க்க, வீட்டு லேப்டாப்பில் போஸ்ட்கிரெஸ் போட்டு 10 லட்சம் வரிகளை ஏற்றுங்கள். 'பிஜி டம்ப்' கட்டளையால் பேக்கப் எடுத்து, டேட்டாபேஸை அழித்து, மீட்டுப் பாருங்கள். அலுப்புத் தட்டாவிட்டால் டிபிஏ பக்கம் வரலாம்.